ஞாயிற்றுக்கிழமை கியர்பாக்ஸ்: கை வைப்பதற்கு முன்

சிங்கப்பூரில் ஒற்றை லாரியை வைத்துப் பிழைப்பவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வண்டி சும்மா நிற்கும். சனி இரவு கழற்றினால் திங்கள் விடியலில் அது பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் நின்றாக வேண்டும். கியர்பாக்ஸ் வேலையில் நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த அவசரத்தில் பிறந்தவை.

முதல் தவறு இடம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாகன நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் போட அனுமதி இல்லை. "பத்து நிமிஷ வேலைதானே அண்ணே" என்பவரை நம்பாதீர்கள். கியர்பாக்ஸில் பத்து நிமிஷ வேலை என்று எதுவும் கிடையாது. தரைவீட்டு முற்றமோ, காக்கி புக்கிட், சுங்கை காடுட் பக்கம் தெரிந்தவர் பட்டறையில் ஒரு மூலையோ வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான்.

அடுத்தது, நோய் என்னவென்று பார்க்காமல் மருந்து வாங்குவது. கியர் கடகடக்கிறது என்றதும் பழைய பொருள் கடையில் வேறு கியர்பெட்டி தேடுகிறார்கள். எல்லா கியரும் விழ மறுத்தால் முதலில் கிளட்ச் முழுதாக விடுகிறதா என்று பாருங்கள். ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருந்தாலே போதும், அப்படித்தான் செய்யும். இரண்டாவது கியர் மட்டும் முரண்டு பிடித்தால் அதன் சின்க்ரோ, அதாவது கியர் உரசாமல் விழ வேகத்தைச் சமப்படுத்தும் வளையம், தேய்ந்திருக்கலாம். உயர்ந்த கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. அதற்கு எந்தப் பெட்டியை மாற்றியும் பயனில்லை.

மேனுவல் பெட்டியை எடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் (ஆட்டோ) பெட்டி போடும் ஆசை இருந்தால், காசு கொடுக்கும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தைப் பாருங்கள். சில மாற்றங்களுக்கு ஒப்புதல் வேண்டாம், சிலவற்றுக்கு வேண்டும், சில அறவே கூடாது. சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. 10 வயதைத் தாண்டினால் 6 மாதத்துக்கு ஒருமுறை. ஒளித்து ஓட்ட முடியாது. பின் டிஃபரன்ஷியலின் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர்) பல் விகிதத்தை மாற்றுகிறவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள்: வேக உணரி கியர்பாக்ஸ் வெளித்தண்டில் இருக்கும் வண்டியில் வேகமானி பொய் சொல்ல ஆரம்பிக்கும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள வண்டியில் அது சின்ன விஷயம் இல்லை.

இனி எண்ணெய். இங்கே நானே பட்டிருக்கிறேன். அடி நட்டைக் கழற்றி எண்ணெய் முழுவதையும் வடித்த பிறகுதான் நிரப்பும் நட்டில் கை வைத்தேன். அது துருவேறி முனை மழுங்கிப் போய் அசையவே இல்லை. உள்ளே சொட்டு எண்ணெய் இல்லாத வண்டியோடு திங்கள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நிரப்பும் நட்டு திறக்கிறதா என்று பார்த்த பிறகே அடி நட்டைத் தொடுங்கள்.

எந்த எண்ணெய் என்பதும் அதே அளவு முக்கியம். கியர் எண்ணெயின் வகைக் குறியைப் பார்த்து "ஜிஎல்-5 தான் உயர்ந்த எண், அதையே ஊற்று" என்பார்கள். அந்த எண் தரவரிசை அல்ல. ஜிஎல்-5 எண்ணெயில் அதிகம் சேர்க்கும் கந்தக-பாஸ்பரஸ் கலவை சில பெட்டிகளின் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கும். ஜிஎல்-4 கேட்கும் பெட்டிக்கு அதையே கொடுங்கள். சில இசுசு லாரிகளின் மேனுவல் பெட்டிக்கு எஞ்சின் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும்! கையேட்டைப் பாருங்கள், கடைக்காரர் நினைவை நம்பாதீர்கள்.

ஆட்டோ பெட்டியைத் திரும்ப ஏற்றும்போது ஒரே ஒரு தவறு மொத்தச் செலவையும் இரட்டிப்பாக்கும். எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியே பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், பெட்டியின் எண்ணெய் பம்ப்புக்குள் முழுதாக உட்கார வேண்டும். சுழற்றிக்கொண்டே தள்ளினால் 'டக், டக்' என்று படிப்படியாக உள்ளே இறங்குவது கையில் தெரியும். பாதியில் நின்றிருக்கும்போது பெல் ஹவுசிங்கை (எஞ்சினோடு சேரும் பெட்டியின் முன்கூடு) போல்ட் போட்டு இழுத்தால் பம்ப் உடைந்துவிடும். இடைவெளி மூட மறுத்தால் போல்ட்டை முறுக்காதீர்கள், இறக்கிப் பாருங்கள். சரியாக உட்கார்ந்திருந்தால், பெல் ஹவுசிங் மூடிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் தடையின்றிச் சுற்றும். பழைய பெட்டி எரிந்து போனதென்றால் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவாமல் புதியதை மாட்டக் கூடாது. பழைய உலோகத்தூள் நேராகப் புதுப் பெட்டிக்குள் போகும்.

மேனுவல் வண்டியில் கிளட்ச் தகட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டுவது, கிரீஸ் கையோடு தொடுவது, கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கை "இன்னும் ஓடும்" என்று விட்டுவிடுவது எல்லாம் பழைய கதைகள். பத்து இருபது வெள்ளி மிச்சம் பிடித்து, அந்தப் பேரிங்குக்காகவே பெட்டியை மறுபடி இறக்கியவர்களை அறிவேன்.

வடித்த எண்ணெயை வடிகாலில் ஊற்றாதீர்கள். இந்தத் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, அந்த வடிகால் நம் குடிநீர்த் தேக்கத்தில்தான் முடிகிறது, ஊற்றுவது குற்றமும்கூட. கேனில் அடைத்து, பழைய எண்ணெய் எடுத்துக்கொள்ளும் பட்டறையிடம் கொடுங்கள். முடித்த பிறகு முதல் ஓட்டம் சரக்கில்லாமல் பக்கத்துச் சாலையில். திரும்பி வந்து நட்டுகளின் அடியில் பழைய அட்டை ஒன்றை விரித்து வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அட்டையில் ஒரு சொட்டு கண்டாலும் திங்கள் வேலைக்கு வேறு லாரி பேசிக்கொள்ளுங்கள்.