விடியக்காலை மட்டும் உங்களுடையது: கமராவோடு ஊருக்குப் போகும் தம்பதிகளுக்கு

யாழ்ப்பாணத்தில், ஊரில் இறங்கின மூன்றாம் நாளே ஒரு விஷயம் விளங்கிவிட்டது. காலை ஒன்பது மணிக்குப் பிறகு நாங்கள் எங்களுக்குச் சொந்தமில்லை. மத்தியானம் சின்னம்மா வீட்டில் சாப்பாடு, பின்னேரம் இவருடைய அக்கா வீட்டில் தேத்தண்ணி, நடுவில் "இந்தப் பக்கம் வந்தும் எட்டிப் பாக்கேல்லையாம்" என்று கோபித்துக்கொண்டிருக்கும் பெரியம்மா. கமராப் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு படலை வரை போன இவர் இரண்டு தரம் திரும்பி வந்து பலகாரத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டில் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. ரொறன்ரோவில் சனி, ஞாயிறு வந்தால் கமராவோடு வெளிக்கிட்டுவிடுவோம். இவருக்குப் பறவைகள், எனக்கு மனிதர்கள். நீட்டு லென்ஸ் அவர் தோளில், சின்னக் கமராவும் போனும் என் கையில். ஊரிலும் அப்படியே திரியலாம் என்று நினைத்துப் போனோம். முதல் தரம் நடக்கவில்லை. அடுத்த தரம் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம்: விடியக்காலை எங்களுக்கு, பகல் சொந்தக்காரருக்கு. யாழ்ப்பாணத்தில் ஒன்பதிலிருந்து நாலு மணி வரை அடிக்கிற வெயிலில் முகமெல்லாம் கறுத்து, கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து, எடுத்த படம் ஒன்றும் தேறாது. அந்த நேரத்தைப் பெரியம்மாவுக்குக் கொடுப்பதில் எங்களுக்கு நட்டமே இல்லை.

டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் ஆறரைக்குச் சற்று முன் வரும், பின்னேரம் ஆறுக்கு முன்னமே போய்விடும். கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருந்து போகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இங்கே கோடையில் சூரியன் இறங்கின பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் நிற்கும். அங்கே இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். "மறையட்டும், பிறகு முக்காலியை எடுப்பம்" என்று இருந்தால் முக்காலியை விரிக்க டோர்ச் தேவைப்படும். காலையிலும் அதே கதைதான். ஐந்தரைக்கு இடத்தில் நிற்க வேண்டும். ஆட்டோக்காரரிடம் முதல் நாள் இரவே பேசி, கூலியையும் பேசி முடித்துவிடுங்கள். விடியப்புறம் ரோட்டில் நின்று தேடினால் கிடைக்காது.

வீட்டில் ஏ.சி. அறையில் படுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாங்கள் மணற்காட்டுக் கடற்கரைக்குப் போன முதல் நாள் கமராப் பையையும் அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு படுத்தோம். கடற்கரையில் இறங்கி லென்ஸ் மூடியைக் கழற்றினதும் கண்ணாடி முழுக்க நீராவி படிந்துவிட்டது. இவர் சீலைத்துண்டால் துடைக்கிறார், திரும்பப் படிகிறது, துடைக்கிறார், படிகிறது. அதற்குள் சூரியன் பனை உயரத்துக்கு ஏறிவிட்டது. அன்றைக்கு எங்களிடம் இருப்பதெல்லாம் போனில் எடுத்த நாலு படம்தான். குளிர்ந்த கண்ணாடி ஈரக்காற்றில் பட்டால் அப்படித்தான் வேர்க்கும். அதற்குப் பிறகு பையை விறாந்தையில், கதவுக்குப் பக்கத்தில் வைக்கிறோம். களவு பயம் என்றால் ஏ.சி. இல்லாத அறையில் வையுங்கள்.

எந்த மாதம் போவது என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. வடக்குக்கு மழை ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வாடையோடு வரும். நவம்பர் கடைசிதான் ஆபத்தான நேரம்: 2024இல் ஃபெங்கால், 2025இல் டித்வா, இரண்டு புயலும் அந்த நாட்களில்தான் வந்தன. டிசம்பர் இருபதுக்குப் பிறகும் மழை பெய்யலாம், ஆனால் மழை விட்ட மறுநாள் வெளிச்சத்தைப் போல வேறெங்கும் பார்க்கமுடியாது. கிளிநொச்சிப் பக்கம் வயல் பச்சை, குளங்கள் முட்ட முட்டத் தண்ணீர், தூசி கழுவின வானம். என்னைக் கேட்டால் நத்தாருக்குப் போய், லீவை எப்படியாவது இழுத்துப் பிடித்து, பொங்கல் முடியத் திரும்புங்கள்.

அதற்கு இரண்டு காரணம். ஒன்று, மார்கழியில் திருவெம்பாவை. திருவாதிரைக்கு முந்தின பத்து நாளும் விடியற்காலையில் சங்கும் சேமக்கலமும் ஊதி அடித்துக்கொண்டு ஆட்கள் ஒழுங்கையால் பாடிப் போவார்கள். சேமக்கலச் சத்தத்துக்கு எழும்பினால் அலாரம் தேவையில்லை. படத்துக்கு வெளிச்சம் போதாது, பரவாயில்லை. ஒரு நாளாவது கமராவை வைத்துவிட்டுப் பின்னால் நடந்து போங்கள். இரண்டாவது, பொங்கல். முற்றத்தில் கிழக்கைப் பார்த்துப் பானை வைப்பார்கள். எல்லோரும் பானைக்குப் பின்னால் நின்று படம் எடுப்பார்கள், முகம் எதுவும் விழாது. நீங்கள் வடக்குப் பக்கமோ தெற்குப் பக்கமோ போய் நிலத்தில் குந்தி இருங்கள். பக்கவாட்டு வெயிலில் ஆவி வெள்ளையாக எழும்பும், பால் பொங்கி வழிகிற கோடு தெளிவாக வரும், அரிசி போடுகிறவரின் கையும் முகமும் ஒன்றாக விழும். வழிகிற நேரம் மிகக் குறைவு, ஆகவே பானையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். அன்று பின்னேரம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி. விசித்திரமான உருவங்களில் பெரிய பெரிய பட்டங்களைக் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு ஓடி ஏற்றுவார்கள். வானத்தில் பறக்கிற பட்டத்தை எல்லோரும் எடுப்பார்கள். தரையில் வாலைப் பிடித்துக்கொண்டு காற்றுக்குக் காத்து நிற்கும் பெடியங்களைப் பாருங்கள். வெளிக்கிடுவதும் வேளையோடு வெளிக்கிடுங்கள், ரோட்டில் சனம் நெரியும்.

ஓகஸ்டில்தான் லீவு என்றால் நல்லூர். இருபத்தைந்து நாள் திருவிழா, இருபத்துநாலாம் நாள் தேர், அடுத்த நாள் தீர்த்தம். கோயிலுக்குள் படம் எடுக்க முடியாது, ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். கமராவை வீட்டில் விட்டு ஒரு நாள், கமராவோடு வெளிவீதியில் ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஈர உடுப்போடு அங்கப்பிரதட்டை செய்பவர்களையும், அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடி அழிக்கும் பெண்களையும் கிட்டப் போய் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்காது. அவர்கள் நேர்த்திக்கடனுக்கு வந்தவர்கள், உங்கள் கமராவுக்கு வந்தவர்கள் இல்லை. ஓகஸ்டில் திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும் என்பது இன்னொரு வசதி. டிசம்பரில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும்.

பறவைக்காரருக்கு மன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலத்தால், பூநகரி வழியாகப் போகலாம். ஒரே நாளில் போய்வருவது வீண் அலைச்சல், ஒரு இரவு மன்னாரில் தங்குங்கள். தீவுக்குப் போகிற பாலத்து ரோட்டின் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். குளிர்காலத்தில் பூநாரைகள் அங்கேயும் வங்காலைப் பக்கமும் கூட்டமாக நிற்கும். வங்காலைச் சரணாலயம் 2010இலிருந்து உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. இவர் கிட்டக் கிட்டப் போய், கடைசியில் கூட்டம் முழுக்க எழும்பிப் போய்விட்டது. வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, நீங்க போகப் போக அதுவும் போகும். இதிலை குந்துங்கோ." அவர் காட்டின கல்லில் ஒரு மணி நேரம் இருந்தோம். பறவைகள் தாமாக நடந்து கிட்ட வந்தன. பறக்கிற படத்துக்காக விரட்டவே வேண்டாம், தூரத்திலிருந்து வந்து இரை தேடுகிற சீவன்கள் அவை. தண்ணீரின் பளபளப்பில் கமரா ஏமாந்து எல்லாவற்றையும் மங்கலாக்கும், வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி வையுங்கள். தீவுக்குள் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கு (பாவோபாப்) மரத்தையும் பாருங்கள். ஒரு ஆளை அடியில் நிற்கவைத்து எடுத்தால்தான் அதன் பருமன் தெரியும். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது அந்த மரத்தடியில் இவர் எறும்பு மாதிரி நிற்கிற படம்.

நெடுந்தீவுக்குப் பெரும்பாலானவர்கள் குறிகட்டுவானில் காலைப் படகு ஏறிப் போய், பின்னேரப் படகில் திரும்புகிறார்கள். அப்படிப் போனால் தீவை உச்சி வெயிலில் மட்டும்தான் பார்ப்பீர்கள். ஒரு இரவு தங்க ஒழுங்கு செய்துகொண்டு போங்கள். கடைசிப் படகு போன பிறகு தீவு வேறு தீவாகிவிடும். பவளக்கல் அடுக்கின வேலிகளில் சாய்வெயில் விழும்போது ஒவ்வொரு கல்லின் ஓட்டையும் தெரியும். தீவில் திரியும் குதிரைகளையும் வெயில் தாழ்ந்த பிறகு எடுக்கலாம். மாவிலித்துறையில் இறங்கினதும் குமுதினிப் படகில் 1985 மே 15இல் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் இருக்கிறது. அதற்கு முன்னால் நின்று செல்பி எடுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம், ஆனால் எடுக்கிறார்கள்.

எடுக்கக்கூடாதவை பற்றிச் சுருக்கமாக. படைமுகாம், கடற்படை இறங்குதுறை, காவலரண் எதையும் குறிவைக்காதீர்கள். நீட்டு லென்ஸ் வைத்திருப்பவர் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். ட்ரோன் பறக்கவிட அனுமதி எடுக்க வேண்டும். விடுமுறைக்குப் போகிற ஆளுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை, வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். முகமாலை போன்ற இடங்களில் மிதிவெடிச் சிவப்புப் பலகை கண்டால் நல்ல படம் கிடைக்கும் என்று ரோட்டை விட்டு இறங்கவே கூடாது. தெற்குக்கும் போகிறவர்கள் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதைத் தவிருங்கள்.

தம்பதிகளாக நிற்கும் படத்துக்குக் கோயில் வெளிவீதியின் சிவப்பு, வெள்ளைக் கோட்டுச் சுவரைப் போல வேறில்லை. ஒற்றை நிறச் சேலை, வெள்ளை வேட்டி போதும். தோளில் கை போடுகிறதைக் கசூரினாக் கடற்கரையோடு வைத்துக்கொள்ளுங்கள். கோயில் வீதியில் ஊரே பார்க்கும், பின்னேரம் அக்காவுக்குக் கதை போய்ச் சேர்ந்துவிடும்.

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொந்தக்காரருக்கான சொக்லேற்றும் போர்வையும் கிலோக்கணக்கில் இடம் பிடிக்கும், ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு லென்ஸோடு நிறுத்துங்கள். லித்தியம் பற்றரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சார்ஜர் பெரும்பாலும் 230 வோல்ட்டைத் தாங்கும், பின்பக்கம் 100–240 என்று இருக்கிறதா பாருங்கள். பிளக் இப்போது பெரும்பாலும் பிரித்தானிய மூன்று முனை, பழைய வீடுகளில் உருண்டை முனையும் இருக்கும். லண்டன்காரருக்குக் கவலை குறைவு, எங்களுக்கு அடாப்டர் வேண்டும்.

மற்றது, ஆட்களை எடுத்தால் படத்தை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். யாழ்ப்பாண ரவுணில் எந்த ஸ்டூடியோவிலும் போனிலிருந்து பிரதி போட்டுத் தருவார்கள். பருத்தித்துறைக் கரையில் வள்ளம் தள்ளிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை எடுத்து, மூன்றாம் நாள் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார், பிறகு கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"நான் நல்லா விழுந்திருக்கிறன், தம்பி. வள்ளத்தின்ரை பேர் வெட்டுப்பட்டுப் போச்சே?"

அடுத்த நாள் ஐந்தே முக்காலுக்குத் திரும்பப் போனோம். பெரியவர் வள்ளத்தின் பெயரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி வைத்துக்கொண்டு நின்றார்.