தீவு வாழ்க்கைப் புத்தகங்களை இலவசமாகப் படிக்க

பசிபிக் தீவுகளைப் பற்றிய பழைய ஆங்கிலப் புத்தகத்தின் மறுபதிப்பை விலைக்கு வாங்கும் முன், ஆசிரியர் இறந்த ஆண்டைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிந்துவிடுகிறது. அதன்பின் யாரும் அச்சிடலாம், நாமும் இலவசமாகப் படிக்கலாம். பப்புவா நியூ கினியின் டிரோபிரியாண்ட் தீவுகளில் நடக்கும் 'குலா' பரிமாற்றத்தை (தீவுக்குத் தீவு சிப்பி மாலைகளையும் வளையல்களையும் கைமாற்றிக்கொள்ளும் வழக்கம்) விவரித்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1942-இல் இறந்தார். சமோவா தீவில் குடியேறி வாழ்ந்த, 'டிரெஷர் ஐலண்ட்' நாவலாசிரியர் ஸ்டீவன்சன் 1894-இல். மாலினோவ்ஸ்கியின் 1922-ஆம் ஆண்டு நூலும், ஸ்டீவன்சனின் தென்கடல் பயண நூலும் புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இலவச மின்னூல் தளத்தில் கிடைக்கின்றன. படங்களுடன் உள்ள கோப்பையே இறக்குங்கள். மாலினோவ்ஸ்கியைப் புகைப்படங்கள் இல்லாமல் படிப்பது பாதிப் படிப்புதான்.

நூல் பழையது என்பதால் மட்டும் இது பொருந்திவிடாது. சமோவா இளம்பெண்களைப் பற்றி மானிடவியலாளர் மார்கரெட் மீட் எழுதிய நூல் 1928-இல் வந்தது. அமெரிக்காவில் அதன் உரிமை முடிந்துவிட்டது. ஆனால் அவர் இறந்தது 1978-இல் என்பதால் 60 ஆண்டுக் கணக்கு 2038 முடிவில்தான் நிறைவடைகிறது. புதிய மொழிபெயர்ப்புகளுக்கும் தனி உரிமை இருக்கும். தீவுக்காரர்களே எழுதிய நூல்களில் பெரும்பாலானவை பிற்காலத்தவை. அவற்றைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும், வாங்கவும் தகும்.