கோல்ஃப் பிரியரான அப்பாவுக்கு நினைவு ஏற்பாடுகள்: முதலில் நண்பர்கள், பிறகுதான் பொருள்கள்

நாலு பேருடன் கலகலப்பாகப் பழகியவரைப் பற்றிய பாதிச் சேதி வீட்டில் இருக்காது. எந்தக் குழியில் பந்தைத் தண்ணீரில் விடுவார், பந்தயத்தில் தோற்றால் யாருக்குக் காப்பி வாங்கித் தருவார் என்பதெல்லாம் கூட ஆடியவர்களுக்குத்தான் தெரியும். படம் மாட்டுவதையும் கோப்பை துடைப்பதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆட்களைப் பிடியுங்கள்.

சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் துக்கம் விசாரிக்க வருபவர்களிடமே வேலையைத் தொடங்கலாம். வெறும் அனுதாப ஏடு வைத்தால் எல்லாரும் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பெயர், தொலைபேசி எண், ‘அப்பாவை எப்படிப் பழக்கம்?’ என்று மூன்று பத்தி போட்ட நோட்டு வையுங்கள். சீன நண்பர்கள் தரும் பெக் கிம் (துக்க வீட்டுக்குத் தரும் பணம்) உறைகளில் பெரும்பாலும் பெயர் எழுதியிருக்கும். காசை எடுத்ததும் உறையை எறிந்துவிடாதீர்கள்.

பிடித்த மட்டையையும் பந்தையும் பெட்டிக்குள் வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். தகனம் என்றால் வேண்டாம். பந்தின் உள்ளே இருப்பது செயற்கை ரப்பர், சூட்டில் வெடிக்கக்கூடும். மட்டையின் கிராஃபைட் தண்டும் சரியாக எரியாது. பந்தை நிறுத்தி அடிக்க உதவும் மரத்தாலான டீ இரண்டும் ஒரு ஸ்கோர்கார்டும் போதும். சாம்பலைக் கோல்ஃப் திடலில் தூவுவதும் சரிப்படாது. அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், எலும்புச் சாம்பலில் உப்பும் காரமும் மிகுதி. தூவிய இடத்தில் புல் கருகிவிடும். நிலத்தில் தூவ விரும்பினால் சுவா சூ காங் இடுகாட்டில் 2021-இல் திறந்த கார்டன் ஆஃப் பீஸ் இருக்கிறது. கடலில் கரைக்கச் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 2.8 கிலோமீட்டரில் ஒதுக்கிய இடம் உண்டு.

கைப்பேசி எண்ணை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். பல கணக்குகளுக்கு ஒருமுறைக் கடவுச்சொல் (OTP) அந்த எண்ணுக்குத்தான் வரும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் பொதுவாக அழிக்கப்பட்டுவிடும். அதற்குள் அவருடைய கோல்ஃப் குழு உரையாடலைப் படங்கள், குரல்பதிவுகளுடன் சேர்த்து வெளியே எடுத்து வையுங்கள். பெரிய குழுவென்றால் பழைய செய்திகள் விடுபட்டுப்போகும். எந்தத் தேதியிலிருந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். அவர் குரல் அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

நண்பர்களிடம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. குழுவில் பொதுவாகக் கேட்டால், ஒருவர் ‘நல்ல மனிதர்’ என்பார், மற்றவர்கள் கைகூப்பும் படம் போடுவார்கள். ஆளுக்கு ஆள் தனியாகக் கேளுங்கள், கேள்வியும் குறிப்பாக இருக்கட்டும்: திடலில் எதற்குக் கோபப்படுவார்? தோற்றால் என்ன சாக்குச் சொல்வார்? வயதான அங்கிள்கள் தட்டச்சு செய்ய மாட்டார்கள். நீங்களே அழைத்து, அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். மலாய், ஆங்கிலம், ஹொக்கியன் எல்லாம் கலந்துதான் பேசுவார்கள். அதைத் திருத்தி எழுதினால் ஆளே மாறிவிடுவார்.

நினைவு ஆட்டத்தைப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். திதி ஆண்டுக்கு ஆண்டு வேறு ஆங்கிலத் தேதியில் வரும், சீன, மலாய் நண்பர்களால் கணக்கு வைக்க முடியாது. திதியைக் குடும்பத்தோடு கொடுங்கள். ஆட்டத்துக்கு அவர் பிறந்தநாள் நல்லது. 12 முதல் 16 பேர், ஒரு ஃப்ளைட்டுக்கு (சேர்ந்து ஆடும் குழுவுக்கு) நால்வர், 9 குழிகள் போதும். இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆடத் தெரியாத பிள்ளைகளும் சேர வேண்டுமானால் ஸ்கிராம்பிள் முறை வையுங்கள்: நால்வரும் அடித்து, நன்றாக விழுந்த பந்தின் இடத்திலிருந்து அனைவரும் மறுபடி அடிப்பது. காலையில் தொடங்குங்கள். பிற்பகலில் இடிமழை வழக்கம், மின்னல் அபாயச் சங்கு ஊதினால் திடலை விட்டு வந்தே ஆகவேண்டும்.

முன்பதிவில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அப்பா கோல்ஃப் மன்றத்தில் உறுப்பினர் என்பதால் குடும்பத்துக்கும் உரிமை தானாக வந்துவிடாது. விதி மன்றத்துக்கு மன்றம் மாறும். உறுப்பினரான நண்பர் ஒருவர் பெயரில் பதிவு செய்வதே சுலபம். அவர் ஆடிய திடலே இன்று இல்லாமலும் போயிருக்கலாம்: ஜூரோங் கன்ட்ரி கிளப் 2016-இலும், ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப் 2018-இலும், மரீனா பே திடல் 2024-இலும் மூடப்பட்டன. அப்படியானால் ஜோகூருக்குப் போகலாம், ஆனால் வார இறுதியில் மலேசிய எல்லைப் பாலத்து நெரிசல் பாதி நாளைத் தின்னும். சாப்பாட்டில் ஹலாலும் சைவமும் தனித்தனியாக இருக்கட்டும். பேச்சுக்கு மூவர், ஆளுக்கு மூன்று நிமிடம். மைக் கிடைத்தால் விடாதவரைக் கடைசியில் போடுங்கள்.

பொருள்களில் ஸ்கோர்கார்டுதான் முதலில் கெடும். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். லேமினேட் செய்யவேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. பந்தைச் சட்டகத்தில் மாட்டுவதானால், அதன் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர், எனவே சட்டகத்தின் உள் ஆழம் 50 மில்லிமீட்டராவது வேண்டும். தோல் கையுறையில் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மன்றக் கணக்கை முடிக்குமுன் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) பதிவை அச்செடுத்துத் தரக் கேளுங்கள். அவருடைய கடைசி 20 ஆட்டங்களும் அதில் இருக்கும்.

மட்டைகளைச் சிறுவர்களுக்காக வெட்டிக் குட்டையாக்காதீர்கள். தண்டு விறைத்துவிடும், பிள்ளையால் வீசமுடியாது. புதிதாகக் கற்கும் பெரியவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் மட்டையை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். அதை வீட்டுக் கம்பளத்திலும் ஆடலாம்.