பழைய ராக் ஆல்பத்தைக் கேட்பது எப்படி: ஒரு தடவைக்கு ஒரு ஆள்

என் அக்கா மகள் ஒரு நாள் என் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுக் கழற்றினாள். "மாமா, எல்லாரும் ஒரே நேரத்துல கத்துற மாதிரி இருக்கு. இதுல நீங்க எதைக் கேக்குறீங்க?" என்றாள். நல்ல கேள்வி. பதிலை யோசிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. நான் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்பதில்லை. ஒரு தடவைக்கு ஒரு ஆளை மட்டும் பிடித்துக்கொண்டு பாட்டின் கடைசி வரை அவர் பின்னாலேயே போகிறேன். இந்தப் பழக்கம் எனக்கு ஒரு கேசட்டால் வந்தது.

அண்ணன் பதிவு செய்து கொடுத்த 90 நிமிடக் கேசட் அது. ஒரு பக்கம் பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்', மறுபக்கம் டீப் பர்பிளின் 'மெஷின் ஹெட்'. உள்ளே இருந்த அட்டையில் நீல மையில் பாட்டுப் பெயர்கள். வேறு ராக் கேசட் என்னிடம் இல்லாததால் ஏறக்குறைய ஒரு வருடம் இந்த இரண்டையே மாற்றி மாற்றிப் போட்டேன். பாட்டெல்லாம் மனப்பாடம் ஆன பிறகு, காது பாடகரை விட்டுவிட்டுத் தானாகவே மற்றவர்களைத் தேட ஆரம்பித்தது. அந்த ஒரு வருடத்தில் நான் தடுமாறிக் கற்றுக்கொண்டதை நீங்கள் ஒரு வாரத்தில் செய்துவிடலாம்.

முதலில் ஒரு ஆல்பத்தைத் தேர்ந்தெடுங்கள். 'சிறந்த பாடல்கள்' தொகுப்பு வேண்டாம். 1960களின் பிற்பகுதியிலிருந்து 1980கள் வரை வந்த நல்ல ராக் ஆல்பங்கள் எல்பி இசைத்தட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம். எந்தப் பாட்டு முதல் பக்கத்தை முடிக்க வேண்டும், எது இரண்டாம் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பதையெல்லாம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். 1973-இல் வந்த 'டார்க் சைட்' ஆல்பத்தின் முதல் பக்கம், கிளேர் டோரி என்ற பாடகி ஒரு சொல்கூட இல்லாமல் குரலாலேயே அழுது தீர்க்கும் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'யோடு முடியும். அப்புறம் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பினால், சில்லறை விழும் சத்தத்தோடு 'மணி' தொடங்கும். என் கேசட்டில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்ததால் அந்த இடைவெளி இருந்ததே எனக்குத் தெரியாது. பல வருடம் கழித்து ஒரு நண்பர் வீட்டில் இசைத்தட்டில் கேட்டபோதுதான், அந்தக் குரலுக்குப் பிறகு ஒரு நிமிட அமைதி எவ்வளவு தேவை என்று புரிந்தது.

அதனால் செயலியில் கேட்டாலும், பாட்டுகளைக் கலைத்துப் போடும் வசதியையும் ஒன்றோடொன்று குழைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். முதல் பக்கம் எந்தப் பாட்டோடு முடிகிறது என்று பார்த்து அங்கே நிறுத்துங்கள். எழுந்து நில்லுங்கள். ஒரு நிமிடம் போகட்டும்.

ஒரே ஆல்பம் பல பதிப்புகளில் கிடைக்கும். புதிய ரீமாஸ்டர், அதாவது பழைய பதிவின் ஒலியை மறுபடி சீரமைத்து வெளியிட்ட பதிப்புதான் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். 1990களின் நடுவிலிருந்து, சத்தம் கூடுதலாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே மெல்லிய இடங்களையும் உரத்த இடங்களையும் ஒரே மட்டத்துக்கு அழுத்திய பதிப்புகள் நிறைய வந்தன. எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆல்பத்தை அப்படி ஒரு பதிப்பில் வாங்கி, 20 நிமிடத்துக்கு மேல் கேட்க முடியாமல் காது களைத்துப்போனது. என் காதுக்கு என்ன ஆயிற்று என்று பயந்தேன். பழைய கேசட்டைப் போட்டதும் சரியானது. இரண்டு பதிப்புகளையும் ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். சத்தமானது எப்போதும் முதலில் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும்.

சரி, காதைப் பழக்க ஒரு பாட்டு. டீப் பர்பிளின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ நகரில், ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது யாரோ ஒருவர் சுட்ட தீப்பொறித் துப்பாக்கியால் சூதாட்ட விடுதி எரிந்துபோனது. அங்கேதான் தங்கள் ஆல்பத்தைப் பதிவு செய்யக் காத்திருந்தார்கள் டீப் பர்பிள். கண்ணால் பார்த்ததைப் பாட்டாக்கிவிட்டார்கள். பழக இந்தப் பாட்டைச் சொல்வது கதைக்காக மட்டும் இல்லை. இதில் ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். முதலில் ரிச்சி பிளாக்மோரின் கிட்டார் தனியாக. அப்புறம் டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டு மெல்லச் சிணுங்கும், ஆர்கன் என்ற கட்டை வாத்தியம் வந்து கிட்டாரோடு ஒட்டிக்கொள்ளும், டிரம்ஸ் முழுதாக வரும், கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் பாஸ் கிட்டார் வரும், கடைசியாகத்தான் குரல். கதவருகே நின்று யார் யார் வருகிறார்கள் என்று எண்ணுவதுபோல எண்ணிப் பாருங்கள். அக்கா மகள் மூன்றாவது தடவையில் ஆர்கன் வரும் இடத்தில் கையைத் தூக்கினாள். ஜான் லார்டு ஆர்கனை கிட்டார்காரர்களின் மார்ஷல் ஒலிபெருக்கிப் பெட்டி வழியாக வாசித்ததால் அதைப் பிரித்தறிவது உண்மையிலேயே கடினம். எனக்கே அதற்குப் பல மாதம் ஆனது.

அடுத்து பாஸ். புதிதாகக் கேட்பவர்கள் கடைசியில் கண்டுபிடிப்பது இதைத்தான். நான் இதிலிருந்தே தொடங்கச் சொல்வேன். சின்னக் கைப்பேசி ஸ்பீக்கரில் பாஸ் வரவே வராது, ஹெட்போன் கட்டாயம். ஃப்ளீட்வுட் மேக்கின் 1977 ஆல்பம் 'ரூமர்ஸ்'-இல் 'த செயின்' என்ற பாட்டு. மூன்றாம் நிமிடத்தை ஒட்டி எல்லாரும் ஒதுங்கிக்கொள்ள, ஜான் மெக்வீயின் பாஸ் மட்டும் முன்னால் வந்து நிற்கும். அந்த மெட்டைப் பிபிசி பல வருடம் ஃபார்முலா ஒன் பந்தய நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தியது. அதை ஒரு தடவை காதில் வாங்கிக்கொண்டு பாட்டைத் திரும்ப முதலிலிருந்து போடுங்கள். அவர் எங்கே எல்லாம் பொறுமையாகக் காத்திருக்கிறார் என்று அப்போது தெரியும்.

'மணி'யில் பாஸ்தான் பாட்டின் முதுகெலும்பு. ரோஜர் வாட்டர்ஸ் வாசிப்பது ஏழு எண்ணிக்கை. மிஸ்ர சாபு போட்டுப் பழகிய கைக்கு அந்த ஏழு சீக்கிரம் பிடிபடும். ஆரம்பத்தில் வரும் சில்லறை, காகிதம் கிழிக்கும் சத்தம், கல்லாப்பெட்டி எல்லாம் டேப் துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்தவை. கிட்டார் தனி தொடங்கும்போது தாளம் நான்குக்கு மாறும். எண்ணிக்கொண்டே கேட்டால் சறுக்கும் இடம் அதுதான். டேவிட் கில்மோரின் அந்தத் தனிக்கு நடுவே எதிரொலியை எல்லாம் திடீரென்று உருவி எடுத்துவிட்டிருப்பார்கள். பெரிய மைதானத்திலிருந்து சின்ன அறைக்குள் நுழைந்ததுபோல கிட்டார் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்புறம் மறுபடி மைதானம்.

இனி டிரம்ஸ். இதில் நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன், ஏனென்றால் ராக் இசையின் காலத்தை டிரம்ஸை வைத்தே சொல்லிவிடலாம்.

லெட் ஸெப்பலினின் நான்காவது ஆல்பம் 1971 நவம்பரில் வந்தது. அதன் கடைசிப் பாட்டு 'வென் த லெவி பிரேக்ஸ்'. 1927-இல் மிசிசிப்பி ஆற்றில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி மெம்பிஸ் மின்னியும் கேன்ஸஸ் ஜோ மெக்காயும் 1929-இல் பதிவு செய்த புளூஸ் பாட்டுதான் இதற்கு மூலம். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பெரிய வீட்டில், மாடிப்படிக்குக் கீழே உள்ள கூடத்தில் ஜான் பான்ஹமின் டிரம்ஸை வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆன்டி ஜான்ஸ் மேல்மாடியிலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார். பொதுவாக, காலால் அடிக்கும் பெரிய பேஸ் டிரம் பக்கத்தில் தனியாக வைக்கும் மைக்கை வைக்கவே இல்லை. பிறகு பதிவின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு முதல் சில வினாடிகளை மட்டும் பத்துத் தடவை போடுங்கள். டிரம்ஸ் மட்டும்தான் இருக்கும். முதல் தடவை அடி மட்டும் கேட்கும். மூன்றாவது நான்காவது தடவையில் அடிக்குப் பின்னால் ஒரு காற்று கேட்கும். சத்தம் படிக்கட்டில் ஏறிப்போய்த் திரும்பி வருகிற காற்று. சுவர் எவ்வளவு உயரம், கூடம் எவ்வளவு வெறுமையாக இருந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம் போலிருக்கும். நான் இதை முதலில் கேட்டது ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு. வீடு ஒன்று வாத்தியமாக வாசிக்கப்படுகிறது என்று புரிந்த நிமிடம் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அதே கையோடு ஃபில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' கேளுங்கள். 1981. பாதிக்கு மேல் தாண்டி டிரம்ஸ் இறங்கும் இடம் உலகப் புகழ் பெற்றது. அங்கே காற்று விரிகிறது, ஆனால் திரும்பி வருவதற்குள் யாரோ கதவைச் சாத்திவிடுகிறார்கள். பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்காக லண்டனில் ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்கமும் காலின்ஸும் வேலை செய்தபோது கண்டுபிடித்த முறை இது. எதிரொலியைப் பெரிதாக்கிவிட்டு, அது அடங்கும் முன்பே ஒரு கருவியால் வெட்டிவிடுவார்கள். 80களின் பாட்டுகளில் பாதி அந்தச் சத்தத்தோடுதான் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், இடையில் போன பத்து வருடம் காதிலேயே தெரியும்.

கிட்டாரைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை; அது தானாகவே காதைப் பிடித்து இழுக்கும். ஒன்றே ஒன்று. வேகத்தைப் பார்க்காமல் விரல் எப்படித் தொடுகிறது என்று கேளுங்கள். பிளாக் சபாத்தின் டோனி அயோமி 17 வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கையே அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். பிறகு தந்திகளைத் தளர்த்தி சுருதியையும் இறக்கினார். 1971-இன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் அந்தக் கனமான, அடித்தொண்டைச் சத்தம் அப்படி வந்ததுதான்.

குரலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்றவர்களை எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு குரலைக் கேட்டால், அது யார் தோள்மேல் நிற்கிறது என்று தெரியும். ரோலிங் ஸ்டோன்ஸின் 1969 பாட்டு 'கிம்மி ஷெல்டர்'. நடுராத்திரியில் அழைத்ததும், கர்ப்பிணியாக இருந்த பாடகி மெர்ரி கிளேட்டன் ஸ்டுடியோவுக்கு வந்து பாடினார். மூன்றாம் நிமிடம் நெருங்கும்போது அவர் குரல் உச்சத்தில் ஒரு தடவை உடைகிறது. அடுத்து இன்னொரு தடவை. அந்த உடைசலுக்குப் பின்னால் யாரோ வியந்து கூவுவது மெல்லக் கேட்கும். அது குழுவின் பாடகர் மிக் ஜாகர். வால்யூமை ஏற்றிக் கேளுங்கள். பிசிறைத் திருத்தாமல் விட்டார்களே என்று நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

இன்னொன்று, பீட்டில்ஸ் கேட்பவர்களுக்கு. என் ஹெட்போனில் ஒரு பக்கம் செத்துப்போயிருந்த காலத்தில் அவர்களின் 1965 ஆல்பம் 'ரப்பர் சோல்' கிடைத்தது. போட்டால் வாத்தியம் மட்டும் தெளிவாக, பாட்டு எங்கோ தூரத்தில். பதிவு கெட்டுவிட்டது என்று நினைத்து வருத்தப்பட்டேன். பதிவு சரியாகத்தான் இருந்தது. அந்த ஸ்டீரியோ கலவையில் குரல்களைப் பெரும்பாலும் ஒரு பக்கத்திலும் வாத்தியங்களை மறுபக்கத்திலும் வைத்திருக்கிறார்கள். அப்போது அவர்கள் கவனம் எல்லாம், இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோ பதிப்பில்தான். 1967-இன் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' வரைக்கும் அப்படித்தான். மோனோவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நேரம் செலவழித்தவர்கள், ஸ்டீரியோவை ஒலிப்பதிவுக் குழுவிடம் விட்டுவிட்டார்கள். ஒரு பக்க ஹெட்போனை எடுத்துவிட்டுக் கேட்பது ஆட்களைப் பிரித்துப் பழக நல்ல வழி. பழகிய பிறகு மோனோவைத் தேடிக் கேளுங்கள்.

இப்படி ஓர் ஆல்பத்துக்கு ஒரு வாரம் வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஆள். கடைசி நாள் யாரையும் தேடாமல் முழுவதையும் கேளுங்கள். 'டார்க் சைட்' என்றால் அது தொடங்கிய இதயத் துடிப்பிலேயே மெல்லக் கரைந்து முடியும். அந்த ஆல்பம் 43 நிமிடம். என் கேசட்டில் அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் மீதி இருந்தது. வெறும் டேப் இரைச்சல். பொத்தான் தானாக 'டக்' என்று எழும் வரை நான் எழுந்ததில்லை. அந்த இரண்டு நிமிடத்தை நீங்களும் விட்டுவையுங்கள்.