கொடிமலை ஏறப் போறீங்களா? கத்தியும் மற்ற சாமான்களும் ஏமாறாமல் வாங்கும் முறை

பினாங்கின் கொடிமலைக்கும் தெலுக் பஹாங் காட்டுக்கும் புதிதாக நடக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது கத்தியைத்தான். விசாரிக்கும்போதே மனத்தில் ஒரு பெரிய கறுப்புக் கத்தி இருக்கும், முதுகில் ரம்பப் பல், பிடியில் திசைகாட்டி, உறையில் நாலைந்து தொங்கல். அது வேண்டாம். காலையில் ஏறி மாலைக்குள் இறங்குகிறவருக்குக் கத்தியால் ஆக வேண்டிய வேலை பழம் நறுக்குவது, கயிறு அறுப்பது, பாக்கெட் பிரிப்பது, அவ்வளவுதான்.

படி 1: பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் 200 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது என்றால் கத்திக்கு அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது. எது கைவிட்டால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்களோ அதற்குத்தான் முதல் காசு. மரங்களுக்கடியில் வெளியே இருப்பதைவிட முன்னதாகவே இருட்டிவிடும், அந்த நேரத்தில் வேர் எது பாறை எது என்று காட்டப்போவது தலைவிளக்கு. ஆக முதலில் விளக்கு, அப்புறம் காலணி, மூன்றாவதாகக் கத்தி.

படி 2: சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மலேசியாவில் 1958-ஆம் ஆண்டின் அபாயகர ஆயுதங்கள் சட்டம் இருக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும் வரைக்கும் போகும். பட்டனைத் தட்டினால் பாய்ந்து திறக்கும் ஸ்பிரிங் கத்தி பக்கமே போகாதீர்கள். மற்றதைப் பையின் அடியில், உணவு டப்பாவோடு வையுங்கள். மலையிலிருந்து இறங்கி அப்படியே கத்தியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கடைத்தெரு சுற்றுவது வம்பை விலைக்கு வாங்குவது.

படி 3: எந்தக் கத்தி

மூன்று பெயர் போதும். சுவீடனின் மோரா கம்பெனியன், மடங்காத கத்தி, பிளேடு 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், பிளாஸ்டிக் உறையோடு வரும், பார்க்க அழகில்லை, ஆனால் இந்த விலையில் இதைவிட நல்ல எஃகு கிடைப்பது கஷ்டம். வாங்கும்போது ஸ்டெயின்லெஸ் என்று பார்த்து வாங்குங்கள், கார்பன் எஃகு நம் ஈரத்தில் சீக்கிரமே துருப்பிடிக்கும். அடுத்தது பிரான்சின் ஓப்பினெல் எண் 8, மடக்குவது, பிளேடு 8.5 சென்டிமீட்டர், கழுத்தில் உள்ள வளையத்தைத் திருகினால் பூட்டிக்கொள்ளும். மரப்பிடி மழைக்காலத்தில் ஊதிப்போய் பிளேடு வெளியே வர அடம்பிடிக்கும், பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஒரு தட்டு தட்டினால் பிளேடின் முதுகு எட்டிப் பார்க்கும், அங்கே பிடித்து இழுங்கள். கத்தரிக்கோலும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்கு விக்டோரினாக்ஸின் சின்ன மாடல்கள்.

இவ்வளவும் செலவு செய்ய மனமில்லையா? பசாரில் தொங்கும் தாய்லாந்துக் கிவி கத்தி ஒன்று எடுங்கள். தகடு மெல்லிசு, சீக்கிரம் மழுங்கும், தீட்டினால் அதே வேகத்தில் கூராகிவிடும். அட்டையை மடித்து டேப் சுற்றினால் உறை தயார்.

படி 4: கையில் எடுத்துப் பாருங்கள்

லோரோங் கூலிட்டில், ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில், காலையில் பழைய சாமான் கடை விரிப்பார்கள். பழைய கத்திகளும் வரும், போலிகளும் வரும். வெயில் ஏறுமுன் போங்கள், முதல் விலைக்குத் தலையாட்டாதீர்கள், "அண்ணே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே, கூர்ப்பக்கம் உங்கள் கண்ணை நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். நல்ல கூருக்கு வெளிச்சம் தெரியாது, வெறும் கறுப்புக் கோடாக இருக்கும். எங்காவது வெள்ளைப் புள்ளி மின்னினால் அங்கே மழுங்கியோ உடைந்தோ இருக்கிறது. மழுங்கல் பரவாயில்லை, தீட்டிவிடலாம். உடைசல் என்றால் நிறைய எஃகைத் தேய்க்க வேண்டி வரும், விலையை இறக்கச் சொல்லுங்கள், இல்லை வைத்துவிடுங்கள். மடக்குக் கத்தியைத் திறந்து பூட்டி, பிளேடை இடமும் வலமும் அசையுங்கள், கடகடவென்று ஆடினால் வேண்டாம். விரல்களைப் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு பிளேடின் முதுகை மெதுவாக அழுத்திப் பாருங்கள், பூட்டு வழுக்கினால் அது ஒருநாள் உங்கள் விரலில்தான் மூடும்.

'டமாஸ்கஸ்' என்று அலை அலையாக மின்னுவதை மலிவாகக் கொடுத்தால் முதுகுப்பக்கத்தைப் பாருங்கள். உண்மையான அடுக்கு எஃகில் அந்தக் கோடுகள் முதுகிலும் தொடரும். பக்கத்தில் மட்டும் இருந்தால் மேலே பொறித்த படம்.

படி 5: ஷாப்பி, லசாடா போன்ற இணையக் கடைகள்

இங்கே எண்களைப் பார்த்து மயங்காதீர்கள். இருபது வெள்ளி தலைவிளக்கில் ஒரு லட்சம் லுமன் (வெளிச்ச அளவு) என்று போட்டிருப்பான். நல்ல கம்பெனி விளக்கில் 200, 300 லுமன் இருந்தாலே நடைக்குத் தாராளம். பேட்டரியிலும் இதே கூத்துதான், 18650 அளவு பேட்டரியில் 9,900 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) என்று அச்சடித்திருந்தால் பொய், நல்லதே 3,500-ஐ ஒட்டித்தான் இருக்கும். எடை போட்டால் குட்டு வெளிப்படும், சரியான பேட்டரி 45 கிராம் அளவுக்கு இருக்கும், போலி லேசாக இருக்கும். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள், திருப்பி அனுப்ப அது வேண்டும்.

படி 6: மிச்சச் சாமான்கள்

காலணிக்கு நேராக ஹார்ட்வேர் கடைக்குப் போய் 'அடிடாஸ் கம்போங்' கேளுங்கள். பெயர்தான் அப்படி, அந்தக் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முழுக்க ரப்பர், அடியில் குமிழ், சேற்றில் பிடிக்கும், நனைந்தாலும் கவலை இல்லை, இருபது வெள்ளிக்குள் முடிந்துவிடும். உள்மெத்தை கிடையாது, தடிமனான காலுறை போடுங்கள், முடிந்தால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். மழைக்கு விலையுயர்ந்த ஜாக்கெட் வேண்டாம், இந்தப் புழுக்கத்தில் உள்ளே வேர்வையில் நனைவீர்கள், பொன்சோ போதும், பையையும் சேர்த்து மூடும். கைப்பேசிக்கும் மாற்றுத்துணிக்கும் வாயைச் சுருட்டி மூடும், தண்ணீர் புகாத டிரை பேக் ஒன்று.

வீட்டுக்கு வந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து, துளி பேபி ஆயில் தடவி, உறைக்கு வெளியே வையுங்கள், குறிப்பாகத் தோல் உறையென்றால், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். மழுங்கினால் பீங்கான் குவளையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பில்லாத சொரசொர வளையத்தில், சாய்வு மாறாமல் இரு பக்கமும் மாற்றி மாற்றி இழுங்கள். பேப்பரின் ஓரத்தில் வைத்து இழுத்தால் கிழியாமல் அறுத்துக்கொண்டு போகும் வரைக்கும். கடற்கரைப் பக்கம் போய் வந்திருந்தால் காலணி, விளக்கு, எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், விளக்கைமட்டும் சார்ஜ் போடும் ஓட்டை மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு.