சென்னை–லண்டன்: பறக்கும் தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்குப் போடலாம்

மகளுக்குப் பிரசவம் பார்க்க முதன்முறையாக லண்டன் கிளம்பும் அம்மாக்கள் என்னிடம் கேட்பது, "எத்தனை மணி நேரம் டீச்சர் உட்காரணும்?" என்பதுதான். நான் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே மூன்று முறை போய்வந்திருக்கிறேன்.

என் டிக்கெட்டில் காலை 5:40க்குக் கிளம்பி மதியம் 12:15க்கு இறங்குவதாகப் போட்டிருந்தது. கழித்தால் ஆறே முக்கால் மணிகூட வராது. அதை நம்பாதீர்கள். கிளம்பும் நேரம் சென்னைக் கடிகாரப்படி, இறங்கும் நேரம் லண்டன் கடிகாரப்படி. கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். 6:35 உடன் 4:30 கூட்டினால் 11 மணி 5 நிமிடம். உண்மையில் உட்காரப்போவது அவ்வளவு நேரம். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் ஐந்தரை மணி. திரும்பி வரும்போது கூட்டக்கூடாது, கழிக்க வேண்டும். மதியம் 1 மணிக்கு ஏறி மறுநாள் விடிகாலை 3:30க்கு மீனம்பாக்கம் வந்தேன். பதினாலரையில் நாலரை போக, பத்து மணி நேரம்.

தூரத்துக்கு ஒரு நூல் போதும். சுவரில் தொங்கும் வரைபடத்தில் அளக்காதீர்கள், தப்பாகிவிடும். உலக உருண்டையில் சென்னைக்கும் லண்டனுக்கும் நூலை இறுக்கிப் பிடியுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையின் சுற்றளவு 94 செ.மீ.; பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஆக, ஒரு செ.மீ.க்கு 425 கி.மீ. எனக்குப் பத்தொன்பதரை செ.மீ. வந்தது, அதாவது கிட்டத்தட்ட 8,290 கி.மீ. அட்சரேகை, தீர்க்கரேகை வைத்துக் கணக்கிட்டால் சுமார் 8,230. நூலுக்கு இது பெரிய பிழையே இல்லை!

மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வைத்தால் 9 மணி 10 நிமிடம்தானே, மீதி எங்கே போனது? ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது என்று அரை மணிக்கு மேல் போய்விடும். அப்புறம், அந்த நூல் எந்த நாடுகளின் மேல் கிடக்கிறது என்று பாருங்கள்: பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், உக்ரைன். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடியே கிடக்கிறது. சுற்றித்தான் போக வேண்டும். போதாக்குறைக்கு, உயரே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று போகும்போது எதிர்க்கிறது, வரும்போது தள்ளிவிடுகிறது.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், கூட்டிக் கிடைத்த அந்தப் பதினொரு மணிக் கணக்கை டாக்டரிடம் காட்டி, எந்த வேளைக்கு எது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். இறங்கும்வரை நான் கைக்கடிகாரத்தை மாற்றுவதில்லை. லண்டனில் மதியம் 12:15க்குச் சக்கரம் தரையைத் தொட்டபோது என் கையில் மாலை 4:45.