ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்று டயர்: எதைப் பார்த்து வாங்குவது?

டயர் தேய்ந்துவிட்டது என்றதும் பெரும்பாலானோர் முதலில் கேட்பது "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான். அந்தக் கேள்வி கடைசியில் வரட்டும். உங்கள் வண்டி எந்தக் குளிரில், எவ்வளவு மழையில், எப்படிப்பட்ட சாலையில் ஓடுகிறது என்பதை முதலில் நேர்மையாக எழுதிக்கொள்ளுங்கள். உயர்திறன் டயரின் ரப்பர் தனக்குரிய வெப்பநிலையில்தான் சாலையைப் பிடிக்கும். அதற்கு வெளியே போனால், விலை உயர்ந்த டயர்கூடச் சாதாரண டயரிடம் தோற்றுப்போகும்.

சம்மர் டயர், ஆல் சீசன், செமி ஸ்லிக் என்று மூன்று வகை உண்டு. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட் போன்றவை சம்மர் டயர்கள். வெயிலிலும் வெதுவெதுப்பான மழையிலும் இவற்றின் பிடி அபாரம். ஆனால் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். உறைநிலையில் வண்டியை நகர்த்தினால் ரப்பரில் வெடிப்பு விழவும் வாய்ப்புண்டு. அதனால் கடுங்குளிர் வரும் ஊரில் இருப்பவர்கள் குளிர்காலத்துக்குத் தனி செட் வைத்திருக்க வேண்டும், அல்லது உயர்திறன் ஆல் சீசன் டயருக்குப் போக வேண்டும். அதில் உச்சப் பிடி கொஞ்சம் குறையும், ஆயுள் கூடும்.

செமி ஸ்லிக் என்பது பந்தயத் தடத்துக்காகவே பிறந்தது. சூடேறும்வரை பிடிக்காது. தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவு என்பதால், சாலையில் நீர் தேங்கியிருந்தால் வண்டி அதன் மேல் மிதந்து வழுக்கும். நன்றாகச் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் ரப்பர் சற்று இறுகுகிறது. பட்டன் (சாலையைத் தொடும் பள்ளம்வெட்டிய ரப்பர்) மிச்சமிருந்தும் பிடி போய்விட்டதே என்று பலர் குழம்புவது இதனால்தான். தினமும் வேலைக்குப் போய்வரும் காரில், ஆண்டுக்கு ஓரிரு முறை தடத்தில் ஓட்டுவதற்காக இதை மாட்டுவது சரியான முடிவல்ல. அடிக்கடி தடத்துக்குப் போகிறவர்கள் தனி ரிம்களில் இன்னொரு செட் வைத்துக்கொள்வதே நல்லது.

பக்கச்சுவரில் உள்ள எண்கள்

245/40 இசட்ஆர்18 97ஒய் என்று இருந்தால், டயரின் அகலம் 245 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 40 சதவீதம், அதாவது 98 மி.மீ. 'இசட்' அதிவேக டயர் என்பதையும் 'ஆர்' ரேடியல் வகை என்பதையும் குறிக்கும். ரிம் 18 அங்குலம். 18 அங்குலம் என்பது 457.2 மி.மீ.; மேலும் கீழும் 98 சேர்த்தால் டயரின் மொத்த விட்டம் சுமார் 653 மி.மீ.

இந்தக் கணக்கைக் கையில் போட்டுப் பார்க்காமல் அளவை மாற்றாதீர்கள். 19 அங்குல ரிம்முக்குப் போகிறவர் 245/35 எடுத்தால் விட்டம் 654 மி.மீ., கிட்டத்தட்ட அதே அளவு. 40 என்பதை அப்படியே வைத்து 245/40 எடுத்தால் 679 மி.மீ. ஆகிவிடும், ஏறக்குறைய 4 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், கியர் விகிதம் நீண்டு முடுக்கம் மந்தமாகும், ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது மட்கார்டில் உரசவும் கூடும்.

அகலம் கூடினால் பிடியும் கூடும் என்று நினைத்துக் குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணிப்பவர்கள் உண்டு. 245/40 ஆர்18 அளவுக்கு ஏற்ற ரிம் அகலம் 8 முதல் 9.5 அங்குலம். அதைவிடக் குறுகினால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி வளைவில் சாய்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகுதான் வண்டி யோசித்துத் திரும்பும். இன்னொன்று, ஒரே அளவு எழுதியிருந்தாலும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் உண்மை அகலம் சில மி.மீ. மாறும். சஸ்பென்ஷனுக்கும் டயருக்கும் இடையே ஏற்கெனவே விரல் நுழையாத இடைவெளிதான் என்றால், தயாரிப்பாளரின் அளவு அட்டவணையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

97 என்பது ஒரு டயர் தாங்கும் சுமைக்கான குறியீடு: 730 கிலோ. இதே அளவில் 93 போட்ட டயரும் கிடைக்கும். அது 650 கிலோ. எக்ஸ்எல் (எக்ஸ்ட்ரா லோட், அதாவது கூடுதல் சுமைக்கானது) என்று குறித்த டயரின் கூடுதல் தாங்குதிறன் கூடுதல் காற்றழுத்தத்தில்தான் கிடைக்கும் என்பதை மறக்க வேண்டாம். சுமை எண்ணை அடுத்து வரும் எழுத்து உச்ச வேகத்தைச் சொல்கிறது: வி என்றால் மணிக்கு 240, டபிள்யூ 270, ஒய் 300 கி.மீ. '97ஒய்' என்பதே அடைப்புக்குறிக்குள் இருந்தால் 300-க்கும் மேல். அந்த வேகத்தில் நீங்கள் ஓட்டாவிட்டாலும், வண்டியோடு வந்த குறியீடுகளுக்குக் கீழே இறங்காதீர்கள். அந்த எழுத்து டயர் தாங்கும் வெப்பத்தையும் சேர்த்தே சொல்கிறது.

போர்ஷேவுக்கு 'என்' எழுத்தும் ஓர் எண்ணும், பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு 'எம்ஓ' என்று சில டயர்களில் தனிக் குறி இருக்கும். அந்த வண்டிக்கென்றே உள்கட்டமைப்பையோ ரப்பரையோ மாற்றிச் செய்தது என்று பொருள். பெயர் ஒன்றாக இருந்தாலும் குறி உள்ளதையும் இல்லாததையும் ஒரே அச்சில் கலக்கக்கூடாது.

பக்கச்சுவரில் உள்ள 'ட்ரெட்வேர்' (தேய்மான) எண்ணை நம்பிப் பிராண்டுகளை ஒப்பிடுகிறவர்கள் ஏமாறுவார்கள். அது அமெரிக்க முறை. 100 போட்ட டயரைவிட 200 போட்டது இரு மடங்கு உழைக்கும் என்பது கணக்கு. ஆனால் எண்ணைத் தருவது தயாரிப்பாளரே. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களை ஒப்பிட உதவும், அவ்வளவுதான். பக்கத்திலுள்ள 'ட்ராக்‌ஷன்' எழுத்து, ஈரச் சாலையில் நேராக பிரேக் அடிக்கும்போதுள்ள பிடியைத்தான் சொல்கிறது. வளைவைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் தேதி. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வெளிப்பக்கத்தில் முழு எண் இல்லையென்றால் உள்பக்கத்தில் பாருங்கள். மாட்டுவதற்கு முன் நான்கையும் பார்த்துவிடுங்கள். மாட்டிய பிறகு உள்பக்கம் தெரியாது.

இரண்டா, நான்கா?

முடிந்தால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டுதான் என்றால் அதே மாடலை வாங்குங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவுள்ள வண்டியில் புதியவை பின்னால் போக வேண்டும், முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும்கூட. மழையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் போனால் வண்டி சுழன்றுவிடும். நான்கு சக்கர இழுவை வண்டியில் தேய்ந்ததும் புதியதும் கலந்தால் விட்ட வித்தியாசம் டிஃபரென்ஷியலை (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பை) ஓயாமல் வேலை வாங்கிச் சூடாக்கும். எவ்வளவு வித்தியாசம்வரை பரவாயில்லை என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள்.

காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன் ஃப்ளாட் டயரோடு வந்த வண்டியில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது. சாதாரண டயருக்கு மாறினால் ஓட்டம் மென்மையாகும், ஆனால் பஞ்சர் அடைக்கும் 'கிட்', காற்றடிக்கும் பம்ப் இரண்டும் வண்டியில் இருந்தாக வேண்டும்.

பழைய டயரைக் கழற்றும் முன்

பட்டன் மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கமாகப் போகும்போது வழவழப்பாகவும் திரும்பி வரும்போது ரம்பம்போல் தடுக்கவும் செய்தால் 'டோ' கோணம், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, கெட்டிருக்கிறது. இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுவில் தேய்ந்தால் அதிகம். உள்ஓரம் மட்டும் மொட்டையாகியிருந்தால் கேம்பரையோ (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) டோவையோ சந்தேகிக்கலாம். ஸ்போர்ட்ஸ் காரில் கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருப்பது, இயல்பே. டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோதான். இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் இதே கதிக்கு வரும். வெளியிலிருந்து பார்த்தால் உள்ஓரம் தெரியாது என்பதால், கம்பி தெரியும்வரை ஓட்டிவிடுகிறவர்கள் நிறைய.

மாட்டிய பிறகு

'ரொட்டேஷன்' அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையில் இருக்கிறதா, 'அவுட்சைடு' என்ற எழுத்து வெளியே தெரிகிறதா என்று நான்கு சக்கரத்தையும் சுற்றிப் பாருங்கள். நட்டுகளை டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பானரில்) கையேட்டு அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள், 100 கி.மீ. போனதும் மறுபடி சரிபார்க்க வேண்டும். அலைன்மென்ட்டும் பாலன்சிங்கும் அன்றே முடியட்டும்.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவுக்கு வையுங்கள். பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அது உங்கள் இலக்கல்ல. வெளிவெப்பம் 5 அல்லது 6 டிகிரி மாறினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ மாறும். முதல் 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள், புது ரப்பரின் மேற்பரப்பு வழவழப்பு போன பிறகுதான் முழுப் பிடி வரும்.

தடத்தில் ஓட்டும்போது சூட்டில் அழுத்தம் வேகமாக ஏறும். ஒவ்வொரு முறை தடத்திலிருந்து வெளியே வந்ததும் சூடாக இருக்கும்போதே அளந்து, கூடுதலை இறக்குங்கள். டயர் ஆறியதும் அழுத்தம் கதவுத்தூண் அளவுக்கும் கீழே போய்விடும் என்பதால், வீட்டுக்குக் கிளம்பும் முன் நான்கிலும் மறுபடி காற்று அடித்துவிடுங்கள்.